ஸ்டோரேஜ் ஈவென்ட்: அடித்தவருக்கு மட்டும் கேட்காத மணி

ஒரு கடைத் தளம் இரண்டு டேப்களில் திறந்திருக்கிறது. முதல் டேபில் கூடையிலிருந்து ஒரு பொருளை நீக்கியாயிற்று. இரண்டாவது டேபின் மூலையில் ‘3’ என்ற எண் அசையாமல் நிற்கிறது. அந்த டேபிலிருந்தே பணம் கட்டப் போனால் வம்புதான். சர்வர், வெப்சாக்கெட், லைப்ரரி எதுவும் கேட்காமல் இந்தச் சிக்கலுக்குப் பிரவுசரே கொடுக்கும் மருந்து ஸ்டோரேஜ் ஈவென்ட். லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது ஒரு தளம் பிரவுசருக்குள்ளேயே தரவைச் சேமிக்கும் கிடங்கில், ஒரு டேப் எதையாவது மாற்றினால், அதே தளத்தைத் திறந்து வைத்திருக்கும் மற்ற டேப்களுக்குச் செய்தி போகும். 2009இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8, பயர்பாக்ஸ் 3.5 எல்லாம் வந்த காலத்துச் சரக்கு. விலை கிடையாது, நிறுவும் வேலை கிடையாது. இன்று புழக்கத்தில் உள்ள எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் ஓடுகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இது நல்ல அழைப்புமணி, மோசமான தபால்காரர். மணி கேட்டதும் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிற நிரலுக்கு இது பல ஆண்டுகள் தொந்தரவில்லாமல் உழைக்கும். மணியோடு வந்த சீட்டையே உண்மை என்று நம்புகிற நிரல், எப்போது தவறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாத விதத்தில் தவறும்.

உள்ளே என்ன இருக்கிறது

லிஸனரை, அதாவது ஈவென்ட்டுக்குக் காதுகொடுக்கும் நிரலை, விண்டோவில் போட வேண்டும். டாக்குமென்ட்டில் போட்டால் எதுவும் வராது. வரும் ஈவென்ட்டில் ஐந்து விவரங்கள்: மாறிய கீ (சேமித்த மதிப்பின் பெயர்), பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றிய பக்கத்தின் முகவரி, எந்தக் கிடங்கில் மாற்றம் என்பது. புதிதாக ஒரு கீ சேர்ந்தால் பழைய மதிப்பு ‘நல்’, அதாவது வெறுமை. கீயை நீக்கினால் புதிய மதிப்பு ‘நல்’. மொத்தத்தையும் ‘கிளியர்’ போட்டுத் துடைத்தால் கீ, பழையது, புதியது மூன்றுமே ‘நல்’.

கடைசி விவரமான கிடங்கைப் பலர் பார்ப்பதே இல்லை. லோக்கல் ஸ்டோரேஜுக்கும் செஷன் ஸ்டோரேஜுக்கும் ஒரே பெயரில்தான் ஈவென்ட் வருகிறது. இரண்டிலும் ஒரே பெயரில் கீ வைத்திருந்தால் ஒன்றின் மாற்றத்தை இன்னொன்றின் மாற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டிவரும். ஹேண்ட்லரின் (ஈவென்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனின்) முதல் வரியிலேயே கிடங்கைச் சரிபார்த்துவிடுங்கள். செஷன் ஸ்டோரேஜ் ஒவ்வொரு டேபுக்கும் தனி. ஆகவே அதன் ஈவென்ட் அந்த ஒரே டேபுக்குள் இருக்கும் ஐபிரேம்களை (பக்கத்துக்குள் பதித்த பக்கங்களை) தாண்டிப் போகாது. ஒரே தளத்தில் இரண்டு ஜன்னல்களில் விமான டிக்கெட் எடுக்கும் ஒருவர், குக்கி இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் தெரியாமல் ஒரே பயணத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிடக் கூடும். செஷன் ஸ்டோரேஜ் எதற்கு என்று விளக்க எச்டிஎம்எல் தரநிலையே சொல்லும் உதாரணம் இது. அந்தத் தனிமையை உடைக்க இந்த ஈவென்ட்டைப் பயன்படுத்தப் பார்ப்பது வீண் வேலை.

பக்க முகவரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மாற்றிய பக்கத்தின் முழு முகவரியும், கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது உட்பட, கேட்கும் ஒவ்வொரு டேபுக்கும் போகிறது. அந்த ஈவென்ட்டை அப்படியே பதிவேட்டில் எழுதும் நிரல் இருந்தால், பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பின் ரகசியக் குறியீடான டோக்கனும் பதிவேட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது

எழுதிய பக்கத்துக்கு ஈவென்ட் வராது. முதல் முறை பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். ஒரே டேபில் லிஸனரும் போட்டு, அதே டேபின் கன்சோலில் மதிப்பையும் மாற்றிவிட்டு, ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ‘அதே டேபுக்கு வராது’ என்று பொதுவாகச் சொல்வதும் துல்லியம் இல்லை. எழுதிய டாக்குமென்ட்டுக்கு மட்டும்தான் வராது. அதே டேபுக்குள், அதே ஒரிஜினில் (நெறிமுறை, முகவரி, போர்ட் மூன்றும் ஒன்றாக) இருக்கும் ஐபிரேம் எழுதினால் தாய்ப் பக்கத்துக்கு வரும். தாய்ப் பக்கம் எழுதினால் ஐபிரேமுக்கு வரும்.

இந்த வடிவமைப்புக்கு நியாயம் உண்டு. எழுதியவருக்குத் தான் எழுதியது தெரியும். அவருக்கே திருப்பிச் சொன்னால் முடிவில்லாத சுழல் உருவாகும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டும் எழுதிய ஜன்னலுக்கும் ஈவென்ட்டை அனுப்பி, அதற்கென்று தனிக் காவல் நிரல் எழுத வைத்தது. ஆனால் அந்த நியாயம், ஒரு பக்கம் என்றால் ஒரு ஸ்கிரிப்ட் என்று இருந்த காலத்துக்கு உரியது. இன்றைய பக்கத்தில் மெனுப்பட்டை ஒரு காம்பொனென்ட், கூடை இன்னொன்று, அமைப்புகள் மூன்றாவது. அமைப்புகள் காம்பொனென்ட் எழுதியது மெனுப்பட்டைக்குத் தெரியாது. பக்கத்து டேபுக்குத் தெரிந்த சேதி சொந்தப் பக்கத்துக்குத் தெரியாமல் போகிற வேடிக்கை இதனால்தான்.

ஒரிஜின் கணக்கும் கறாரானது. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் வேறு வேறு. எச்டிடிபியும் எச்டிடிபிஎஸ்ஸும் வேறு. ‘லோக்கல்ஹோஸ்ட்’ 3000ஆம் போர்ட்டும் 5173ஆம் போர்ட்டும் வேறு. ஏன், லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1உம் கூட வேறு. சாதாரண ஜன்னலுக்கும் இன்காக்னிட்டோ ஜன்னலுக்கும் இடையே சுவர் உண்டு. பல தளங்களில் பதிக்கும் விட்ஜெட் செய்கிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குரோம் 115இலிருந்து, அதாவது 2023இலிருந்து, மூன்றாம் தரப்பு ஐபிரேமின் கிடங்கு அது எந்தத் தளத்துக்குள் பதிக்கப்பட்டிருக்கிறதோ அதற்கேற்பப் பிரிக்கப்படுகிறது. பயர்பாக்ஸும் சஃபாரியும் ஏற்கெனவே அப்படித்தான். முன்பு ஒரு தளத்திலுள்ள விட்ஜெட் எழுதியதை இன்னொரு தளத்திலுள்ள அதே விட்ஜெட் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்காது; பிழைச்செய்தியும் வராது, வெறும் மௌனம்தான்.

மாறாததற்கு மணி இல்லை

ஏற்கெனவே இருக்கும் அதே மதிப்பைத் திரும்ப எழுதினால் ஈவென்ட் எழாது. இல்லாத கீயை நீக்கினாலும் எழாது. சிக்கனமான, நல்ல விதி. ஆனால் லாக்அவுட் சேதியைப் பரப்ப இதைப் பயன்படுத்தும்போது காலை வாரும். ‘வெளியேறு’ என்ற கீக்கு ‘ஆம்’ என்று எழுதினால் முதல் தடவை எல்லா டேப்களும் வெளியேறும். மறுபடி உள்ளே வந்து இரண்டாம் தடவை வெளியேறும்போது, கீயில் ஏற்கெனவே ‘ஆம்’ இருப்பதால் ஒரு டேபும் அசையாது. மதிப்பாக அந்த நேரத்தின் மில்லிவிநாடி எண்ணையோ, தற்செயல் எண்ணையோ எழுதுங்கள். எழுதிய கையோடு நீக்கியும் விடலாம். ஆனால் அப்போது இரண்டு ஈவென்ட்கள் வரும். புதிய மதிப்பு ‘நல்’ ஆக உள்ளதைத் தள்ளிவிட வேண்டும்.

இதே விதிதான் சுழலையும் தடுக்கிறது. ஒரு டேப் ஈவென்ட்டைக் கேட்டு அதே மதிப்பைத் திருப்பி எழுதினால் அங்கேயே அடங்கிவிடும். மதிப்புக்குள் ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ மாதிரி ஒவ்வொரு முறையும் மாறும் ஒன்றை வைத்தால் கதை வேறு. முதல் டேப் எழுதும், இரண்டாவது கேட்டு நேரத்தைப் புதுப்பித்து எழுதும், முதலாவது அதைக் கேட்டு மறுபடி எழுதும். மடிக்கணினியின் விசிறி சத்தம் போட ஆரம்பித்ததும்தான் தெரியும். ஸ்டோரேஜ் ஹேண்ட்லருக்குள் ஸ்டோரேஜில் எழுதக் கூடாது என்பதை அணிக்குள் விதியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

சீட்டை நம்பாதீர்கள்

ஈவென்ட் ஒத்திசைவாக வருவதில்லை. மற்ற டேபின் வேலை வரிசையில் போய் நின்று, முறை வரும்போதுதான் ஹேண்ட்லர் ஓடும். அதற்குள் கிடங்கில் இன்னும் இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கலாம். ஆகவே ஈவென்ட்டில் உள்ள புதிய மதிப்பு அந்த நேரத்துச் சேதி, இந்த நேரத்து நிலை அல்ல. கீயின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, மதிப்பைக் கிடங்கிலிருந்து புதிதாகப் படியுங்கள்.

அப்படிப் படித்ததையும் பூட்டாக நினைக்கக் கூடாது. தரநிலையின் பழைய வரைவுகளில், லோக்கல் ஸ்டோரேஜை ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் தொட முடியும்படி ‘ஸ்டோரேஜ் மியூட்டெக்ஸ்’ என்ற பூட்டு இருந்தது. பல புராசஸ்களில் ஓடும் பிரவுசர்களில் அதைச் செய்தால் ஒரு டேபின் மந்தம் எல்லா டேப்களையும் நிறுத்திவைக்கும் என்பதால் அது நடைமுறைக்கு வராமலே தரநிலையிலிருந்து போய்விட்டது. பூட்டே இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள் என்பதுதான் இன்றைய தரநிலை கொடுக்கும் அறிவுரை. குரோமில் ஒவ்வொரு புராசஸும் தன்னிடம் ஒரு நகலை வைத்துக்கொண்டு மாற்றங்களை மற்றவற்றுக்கு அனுப்புகிறது. இரண்டு டேப்கள் ஒரே கணத்தில் 7 என்று படித்து இரண்டும் 8 என்று எழுதினால் கணக்கில் ஒன்று காணாமல் போகும்.

இது கூடை எண்ணிக்கையில் சின்னத் தொல்லை; லாகின் டோக்கனில் பெரிய தொல்லை. லாகினைப் புதுப்பிக்க உதவி, ஒருமுறை பயன்படுத்தியதும் செல்லாமல் போகும் ரெஃப்ரெஷ் டோக்கனை ஐந்து டேப்களும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டு சர்வரிடம் போகும். முதலில் போனது பிழைக்கும், மற்ற நான்கும் பயனரை வெளியே தள்ளும். ‘புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு கீ எழுதி அதையே பூட்டாகப் பயன்படுத்தும் தந்திரம், மேலே சொன்ன காரணத்தால் பத்தில் ஒன்பது முறை வேலை செய்து பத்தாம் முறை கவிழ்க்கும். அதற்குப் பிரவுசரே தரும் பூட்டு வசதியான வெப் லாக்ஸ் இருக்கிறது: குரோம் 69, பயர்பாக்ஸ் 96, சஃபாரி 15.4 முதல். பூட்டு கிடைத்ததும் கிடங்கை மறுபடி படித்து, இன்னொரு டேப் ஏற்கெனவே புதுப்பித்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் சர்வரை அழைக்க வேண்டும். அந்த மறுவாசிப்பை விட்டுவிட்டால் பூட்டு இருந்தும் பயனில்லை. ஐந்து அழைப்புகளும் ஒரே நேரத்தில் போகாமல் வரிசையாகப் போகும், அவ்வளவுதான்.

சீட்டின் எடையும் கவனிக்க வேண்டியது. ஒரு கீக்குள் ஒரு மெகாபைட் ஜேசனை (தரவைச் சரமாக எழுதும் வடிவம்) திணித்து அதில் ஒரு எழுத்தை மாற்றினால், பழையதும் புதியதும் முழுசாகக் கேட்கும் ஒவ்வொரு டேபுக்கும் போக வேண்டும். கிடங்கே தளத்துக்குச் சுமார் 5 மெகாபைட் என்ற அளவில்தான் தொடங்கியது. (தமிழில் சேமிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: ‘தமிழ்’ கண்ணுக்கு மூன்று எழுத்து, எழுத்துகளை எண்களாக வைக்கும் யூடிஎஃப்-16 முறையில் ஐந்து அலகு.) இடம் நிரம்பினால் எழுதும்போதே பிழை எறியப்படும், ஈவென்ட் எழாது. அந்தப் பிழையைப் பிடிக்காத நிரலில் திரை ஒன்று காட்டும், மற்ற டேப்கள் வேறொன்று காட்டும்.

தூங்கும் டேப்

பின்னால் கிடக்கும் டேபில் டைமர்கள் நத்தை வேகம்தான். குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில் நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் டைமர் ஓடும் அளவுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு விநாடியும் கிடங்கை எட்டிப் பார்க்கும் பழைய முறையைவிட ஸ்டோரேஜ் ஈவென்ட் நிச்சயம் மேல். டைமர் கட்டுப்பாடு இதைத் தொடுவதில்லை.

ஆனால் உறைந்த பக்கத்துக்கு ஈவென்ட்டும் ஓடாது. ஐபோனில் வேறு செயலிக்குப் போய்விட்டால் பக்கம் நிறுத்திவைக்கப்படுகிறது. ‘பின் செல்’ பொத்தானுக்காக முழுப் பக்கத்தையும் நினைவகத்தில் வைத்திருக்கும் பிஎஃப்கேஷிலும் இதே நிலை. அந்த இடைவெளியில் நடந்த மாற்றங்கள் திரும்பி வரும்போது ஒழுங்காக வந்து சேரும் என்று எண்ணிக் கட்டிடம் எழுப்பக் கூடாது. பக்கம் பிஎஃப்கேஷிலிருந்து மீண்டதை ‘பேஜ்ஷோ’ ஈவென்ட்டின் ‘பெர்சிஸ்டெட்’ கொடி சொல்லும். டேப் கண்ணுக்குத் தெரிய வந்ததை ‘விசிபிலிட்டிசேஞ்ச்’ சொல்லும். இரண்டிலும் கிடங்கை மறுபடி படியுங்கள். இந்த இரண்டு லிஸனர்கள் இல்லாத ஸ்டோரேஜ் ஈவென்ட் நிரல் அரைகுறை வேலைதான்.

தூங்கும் டேபால் வரும் இன்னொரு வில்லங்கம் பதிப்பு. முந்தாநாள் திறந்த டேபில் முந்தாநாள் நிரல் ஓடுகிறது. இன்று திறந்த டேபில் இன்றைய நிரல், ஜேசனின் வடிவத்தையே மாற்றி எழுதுகிறது. பழைய டேபின் ஹேண்ட்லர் அதைப் படித்து விழும். மதிப்புக்குள் பதிப்பு எண் வைத்து, தெரியாத எண் வந்தால் ‘பக்கத்தைப் புதுப்பிக்கவும்’ என்று காட்டிவிட்டு ஒதுங்குவது போதும்.

போட்டியாளர்கள்

டேப்களுக்கிடையே நேராகச் சேதி அனுப்பும் பிராட்காஸ்ட் சேனல்தான் நேரடிப் போட்டி. பயர்பாக்ஸ் 38, குரோம் 54இல் வந்தது, சஃபாரி 15.4 வரை, அதாவது 2022 மார்ச் வரை, காத்திருக்க வைத்தது. சரம் மட்டும் அல்லாமல் ஆப்ஜெக்ட், வரிசை, ஃபைல் எல்லாம் அனுப்பலாம். பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்களான வொர்க்கர்களுக்குள்ளும் வேலை செய்யும். லோக்கல் ஸ்டோரேஜையும் அதன் ஈவென்ட்டையும் வொர்க்கருக்குள் எடுக்கவே முடியாது. சேதியை மட்டும் அனுப்ப வேண்டும், எதையும் சேமிக்க வேண்டியதில்லை என்றால் சேனலையே எடுங்கள். லாக்அவுட் அறிவிப்புக்கு இன்று அதுவே சரியான இடம். சேனலின் குறை, சேதி நினைவில் நிற்காது என்பது. அனுப்பிய பிறகு திறந்த டேபுக்கு எதுவும் தெரியாது. நிலை நிற்க வேண்டிய தீம், மொழி, கூடை போன்றவற்றுக்கு ஸ்டோரேஜ் ஈவென்ட் இன்னும் எளிது.

பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்டு டிபியில் மாற்ற அறிவிப்பே கிடையாது. பெரிய தரவை அங்கே வைத்துவிட்டு, சேனலில் ‘மாறிவிட்டது’ என்று மட்டும் சொல்வதுதான் வழக்கம்.

பொருத்தும் முறை

கிடங்கில் எழுத ஒரே ஒரு ஃபங்ஷன் வைத்துக்கொள்ளுங்கள். அது எழுதும், பிழையைப் பிடிக்கும், எழுதி முடித்ததும் சொந்தப் பக்கத்துக்கு, நாமே பெயர் வைத்த ஒரு கஸ்டம் ஈவென்ட்டை எழுப்பும். சொந்தப் பக்கத்துக்கும் ‘ஸ்டோரேஜ்’ என்ற பெயரிலேயே போலி ஈவென்ட் எழுப்பச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அதைத் தவிர்ப்பது நல்லது. பக்கத்தில் ஓடும் வேறு லைப்ரரிகளும் அதைக் கேட்டுவிடும். நாமே நிரப்பாவிட்டால் கிடங்கு விவரம் ‘நல்’ ஆக இருப்பதால் அவை குழம்பும். வேறு பெயர் வையுங்கள். பிறகு ஒரே மறுவாசிப்பு ஃபங்ஷனை நான்கு இடங்களில் கட்டிவிடுங்கள்: ஸ்டோரேஜ், நம் கஸ்டம் ஈவென்ட், பேஜ்ஷோ, விசிபிலிட்டிசேஞ்ச்.

திரை வரையும் லைப்ரரியான ரியாக்ட் 18இல் ‘யூஸ்சிங்க்எக்ஸ்டர்னல்ஸ்டோர்’ ஹூக் இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். ஒரு கண்ணி மட்டும் உண்டு. நிலையைத் திருப்பும் ஃபங்ஷனுக்குள் ஜேசனைப் பிரித்து ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் கொடுத்தால், மாறிவிட்டது என்று நினைத்து ஓயாமல் வரைந்துகொண்டே இருக்கும். மூலச் சரத்தையே திருப்பிக் கொடுத்து, பிரிக்கும் வேலையை வெளியே செய்யுங்கள்.

தானியங்கிச் சோதனையில் பிளேரைட் பயன்படுத்துவதானால் ஒரே கான்டெக்ஸ்டுக்குள் இரண்டு பேஜ்கள் திறக்க வேண்டும். இரண்டு கான்டெக்ஸ்ட் என்றால் இரண்டு தனிப் பிரவுசர் மாதிரி, ஈவென்ட் கடக்காது.

எப்படி இருந்திருக்க வேண்டும்

பக்கத்திலேயே இரண்டு நல்ல மாதிரிகள் இருக்கின்றன. பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களுக்கான ஸ்டோரேஜின் மாற்ற அறிவிப்பு, எழுதியவர் உட்பட எல்லோருக்கும் போகிறது. மாறிய கீகளை ஒரே கட்டாகத் தருகிறது. (பயர்பாக்ஸ் அதில் மாறாத கீகளையும் சேர்த்து அனுப்புவது தனிக் குறை.) குரோம் 87இல் வந்த குக்கி ஸ்டோரின் மாற்ற ஈவென்ட், மாறியவை ஒரு பட்டியல், நீக்கப்பட்டவை ஒரு பட்டியல் என்று பிரித்தே கொடுக்கிறது, அதுவும் எழுதிய பக்கத்துக்கும் வருகிறது.

ஸ்டோரேஜ் ஈவென்ட்டிலும் எழுதிய பக்கத்துக்கு, விரும்பிக் கேட்டால் மட்டும், ‘மாற்றியது நீயே’ என்ற கொடியோடு ஒரு அறிவிப்பு வந்தால் மேலே சொன்ன கஸ்டம் ஈவென்ட் வேலையே தேவைப்படாது. இப்போதுள்ள நடத்தையையே நேரடியாக மாற்றினால், அதை நம்பி எழுதிய எத்தனையோ பழைய தளங்கள் சுழலில் மாட்டும். விரும்பிக் கேட்பவருக்கு மட்டும் என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. கீயின் பெயரைச் சொல்லி லிஸனர் போடும் வசதி அடுத்தது. இப்போது தளத்தில் ஓடும் விளம்பர ஸ்கிரிப்ட் எதையாவது கிறுக்கினாலும் நம் ஹேண்ட்லர் எழுந்து, பெயரைப் பார்த்து, திரும்பப் படுக்கிறது.

கிளியர் போட்டால் எந்தக் கீகள் போயின என்று சொல்லாமல் மூன்று ‘நல்’களை நீட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கீயின் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கும் பெரும்பாலான ஹேண்ட்லர்கள் அந்த ‘நல்’லைக் கவனிக்காமல் தாண்டிவிடுகின்றன. ஹேண்ட்லரில் அதற்கு ஒரு கிளை வைத்து எல்லாவற்றையும் மறுபடி படியுங்கள். எழுதும் பக்கத்தில் கிளியரைத் தொடாமல் இருப்பது அதைவிட நல்லது. நம் கீகள் எல்லாவற்றுக்கும் ஒரு முன்னொட்டு வைத்து, அந்த முன்னொட்டு உள்ளவற்றை முதலில் ஒரு பட்டியலாக எடுத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக நீக்குங்கள். வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டே நீக்கினால் எண்கள் நகர்ந்து பாதிக் கீகள் தப்பிவிடும். பட்டியல் முறையில் நீக்கினால் ஒவ்வொரு நீக்கத்துக்கும் தனி ஈவென்ட், கீயின் பெயரோடு போய்ச் சேரும்.